கைக்குத் துணை செய்யும் எண்ணெய்: பவர் ஸ்டீயரிங் கோளாறைக் கண்டறிவது எப்படி?

கடைத்தெருவில் ஒரு கார் நெருக்கடியான இடத்தில் திரும்பி நிற்பதைக் கவனித்திருப்பீர்கள். ஓட்டுநர் ஒரு கையால் ஸ்டீயரிங் வளையத்தை எளிதாகச் சுழற்றுகிறார். ஆயிரம் கிலோகிராமுக்கும் மேல் எடையுள்ள வண்டியின் முன் சக்கரங்கள் தரையைத் தேய்த்துக்கொண்டு திரும்புகின்றன. அதே வண்டியின் எஞ்ஜினை நிறுத்திவிட்டு, சாவியை எடுக்காமல், வளையத்தைத் திருப்பச் சொன்னால் இரண்டு கைகளாலும் முக்கித் தள்ள வேண்டியிருக்கும். எஞ்ஜின் ஓடும்போது கிடைத்த உதவி எங்கிருந்து வந்தது? ஓடும் வண்டியில் அது குறைந்துபோனால் காரணத்தை எப்படிக் கண்டுபிடிப்பது? இவ்விரு கேள்விகளுக்கும் விடை காண்போம்.

இக்கேள்விகள் என்னிடம் வந்த விதத்தை முதலில் சொல்லிவிடுகிறேன்.

மாணவர் கொண்டுவந்த சிக்கல்

எங்கள் ஊர் வடக்கனந்தல். 2019ஆம் ஆண்டில் விழுப்புரத்திலிருந்து பிரிந்து தனி மாவட்டமான கள்ளக்குறிச்சியில், கல்வராயன் மலைக்கு அருகே, கரும்பும் நெல்லும் விளையும் ஊர் அது. பக்கத்தில் கச்சிராயபாளையமும் கோமுகி அணையும் இருக்கின்றன. அதற்கப்பால் பாதை மலையேறி வெள்ளிமலைக்குச் செல்கிறது. வழி நெடுகக் கொண்டை ஊசி வளைவுகள்.

கல்லூரியில் என்னிடம் படித்த மாணவர் ஒருவர் இப்பாதையில் வாடகை வண்டி ஓட்டுகிறார். மலையூர்களிலிருந்து நோயாளிகளை மருத்துவமனைக்கும், விளைபொருளைச் சந்தைக்கும் கொண்டுவருவது அவருடைய பிழைப்பு. ஒரு மழைக்கால ஞாயிற்றுக்கிழமையன்று வண்டியை என் வீட்டு வாசலில் நிறுத்திவிட்டு வந்தார்.

“சார், ஸ்டீயரிங் கனக்குது. வளைவுல திருப்புறப்போ ‘ஙொய்’னு ஒரு சத்தம். பம்பு போயிடுச்சுன்னு புதுசு மாத்தினாங்க. ஒரு வாரம் நல்லா இருந்துச்சு. இப்ப மறுபடியும் அதே சத்தம். இனிமே ஸ்டீயரிங் பாக்ஸையே மாத்தணுமாம். கடன் வாங்கித்தான் மாத்தணும், சார்.”

நான் மெக்கானிக் அல்லன், இயற்பியல் ஆசிரியன். ஆயினும் ஒரு நோயின் காரணத்தை அறியாமல் மருந்தை மாற்றிக்கொண்டே போவது எவ்வளவு தவறோ, அவ்வளவு தவறு காரணம் அறியாமல் பாகங்களை மாற்றுவதும். எங்கள் ஊரில் நெடுங்காலமாக வண்டிகளைப் பழுது பார்க்கும் மெக்கானிக் ஒருவரையும் அழைத்து, மூவருமாக ஆராயத் தொடங்கினோம். நாங்கள் கண்டதைக் கூறுமுன், கருவி இயங்கும் முறையை நீங்கள் அறிந்துகொள்ள வேண்டும்.

சக்கரம் ஏன் கனக்கிறது?

நிற்கும் வண்டியின் முன் சக்கரம் ஒன்று 4000 நியூட்டன் எடையைத் தாங்குகிறது என்று கொள்வோம். டயரிலுள்ள காற்றின் அழுத்தம் ஏறத்தாழ 2 லட்சம் பாஸ்கல். டயர் கடைக்காரர் இதைச் சுமார் 30 பவுண்டு என்பார். எடையை அழுத்தத்தால் வகுத்தால், டயர் தரையைத் தொடும் பரப்புக் கிடைக்கும். 4000-ஐ 2 லட்சத்தால் வகுக்க 0.02 சதுர மீட்டர், அதாவது 200 சதுர சென்டிமீட்டர். இதை ஒரு வட்டமாகக் கருதினால் அதன் ஆரம் சுமார் 8 சென்டிமீட்டர்.

சக்கரத்தைத் திருப்பும்போது இவ்வட்டம் முழுவதும் தரையில் தேய்கிறது. உராய்வுக் குணகம் 0.7 எனில் உராய்வு விசை 2800 நியூட்டன். வட்டத்தின் புள்ளிகள் மையத்திலிருந்து சராசரியாக ஆரத்தில் மூன்றில் இரண்டு பங்குத் தொலைவில், அதாவது 5.3 சென்டிமீட்டர் தொலைவில் உள்ளன. எனவே ஒரு சக்கரத்தைத் திருப்பத் தேவையான திருப்புத்திறன் 2800-ஐ 0.053-ஆல் பெருக்க வருவது. ஏறத்தாழ 150 நியூட்டன் மீட்டர். இரண்டு சக்கரங்களுக்கும் சேர்த்து 300.

வளையத்தை 16 பாகை திருப்பினால் சக்கரம் 1 பாகை திரும்புமாறு பற்சக்கரங்கள் அமைந்திருந்தால், கைக்கு வேண்டிய திருப்புத்திறன் 300-இல் பதினாறில் ஒரு பங்கு; சுமார் 19 நியூட்டன் மீட்டர். வளையத்தின் ஆரம் 19 சென்டிமீட்டர் எனில் கை தரவேண்டிய விசை 100 நியூட்டன். 10 லிட்டர் தண்ணீர் நிறைந்த வாளியைத் தூக்குவதற்குச் சமம் இது. பாகங்களுக்குள் உள்ள உராய்வும் சேரும்போது இன்னும் கூடும். ஒரு நாளில் நூற்றுக்கணக்கான முறை இவ்வாறு தூக்க வேண்டுமென்றால் தோள் என்ன ஆகும்!

விசையைக் குறைக்க ஒரு வழி, பற்சக்கர விகிதத்தைக் கூட்டுவது. பழைய லாரிகளில் அதைத்தான் செய்தார்கள். ஆனால் விசையில் பெறும் லாபத்தைத் தொலைவில் இழக்க வேண்டும் என்பது இயற்கையின் சட்டம். விசை குறைந்தது, வளையத்தைச் சுழற்ற வேண்டிய சுற்றுகளோ பெருகின. கொண்டை ஊசி வளைவில் விரைந்து சுழற்ற வேண்டிய நேரத்தில் இது ஓட்டுநரைத் திணறச் செய்யும்.

மற்றொரு செய்தியையும் இக்கணக்கு தெரிவிக்கிறது. டயரின் காற்று 20 பவுண்டாகக் குறைந்துவிட்டது என்று வைத்துக்கொண்டு கணக்கைத் திரும்பச் செய்யுங்கள். தொடும் பரப்பு சுமார் 290 சதுர சென்டிமீட்டராக விரியும். தேவையான விசை சுமார் ஐந்தில் ஒரு பங்கு கூடிவிடும். எண்ணெயும் பம்பும் நல்ல நிலையில் இருக்கும்போதே ஸ்டீயரிங் கனக்கும்! இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

உதவி வரும் வழி

அமெரிக்காவில் பியர்ஸ் ஆரோ நிறுவனத்தின் லாரிப் பிரிவில் பணியாற்றிய ஃபிரான்சிஸ் டேவிஸ் என்ற பொறியாளர், கனத்த வண்டிகளைத் திருப்ப ஓட்டுநர்கள் படும் பாட்டை நேரில் கண்டவர். எண்ணெயின் அழுத்தத்தைக் கொண்டு இவ்வேலையை எளிதாக்க முயன்று, 1926ஆம் ஆண்டில் ஒரு காரில் தம் அமைப்பைப் பொருத்தி ஓட்டிக் காட்டினார். எனினும் விற்பனைக்கு வந்த கார்களில் இது இடம்பெற 1951 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அவ்வாண்டில் கிறைஸ்லர் நிறுவனத்தின் இம்பீரியல் கார் பவர் ஸ்டீயரிங்குடன் வெளிவந்தது. இன்று நம் மாநிலத்திலேயே, புதுக்கோட்டை மாவட்டம் விராலிமலையில், இக்கருவிகளைச் செய்யும் தொழிற்சாலை இருக்கிறது.

அமைப்பின் உறுப்புகள் ஐந்து: எண்ணெய் டப்பா, எஞ்ஜினால் ஒரு பெல்ட் மூலம் சுழற்றப்படும் பம்பு, எண்ணெயைக் கொண்டுசெல்லும் ஹோஸ் குழாய்கள், எண்ணெய் எந்தப் பக்கம் பாய வேண்டும் என்பதை முடிவு செய்யும் வால்வு, சக்கரங்களைத் தள்ளும் பிஸ்டன்.

அடைபட்ட நீர்மத்தில் ஓரிடத்தில் தரும் அழுத்தம் எல்லாத் திசைகளிலும் குறையாமல் பரவும் என்ற பாஸ்கல் விதியைப் படித்திருக்கிறீர்கள். பம்பு 50 லட்சம் பாஸ்கல் அழுத்தத்தை, அதாவது காற்று மண்டல அழுத்தத்தைப் போல் ஏறக்குறைய 50 மடங்கை, உண்டாக்குவதாகக் கொள்வோம். பிஸ்டனின் பரப்பு 8 சதுர சென்டிமீட்டர் எனில் அதன் மீது செயல்படும் விசை 4000 நியூட்டன். உள்ளங்கையில் அடங்கும் ஒரு பிஸ்டன் 400 கிலோகிராம் எடைக்குச் சமமான விசையைத் தருகிறது!

இவ்வளவு பெரிய விசை ஓட்டுநரின் விருப்பத்துக்கு எப்படிக் கட்டுப்படுகிறது? வளையத்தின் தண்டுக்கும் பற்சக்கரத்துக்கும் இடையே மெல்லிய எஃகு முறுக்குத்தண்டு ஒன்று உள்ளது. ஓட்டுநர் திருப்புகிறார், தரையின் உராய்வு எதிர்க்கிறது, தண்டு சில பாகை முறுக்கிக்கொள்கிறது. அம்முறுக்கம் வால்வின் வாயில்களைத் திறந்து, பிஸ்டனின் ஒரு பக்கத்துக்கு எண்ணெயை அனுப்புகிறது. சக்கரம் திரும்பியதும் முறுக்கம் நீங்கி வாயில்கள் பழைய நிலைக்கு வருகின்றன, உதவி நிற்கிறது. கை கேட்ட அளவுக்கு மட்டுமே உதவி கிடைக்கிறது.

இங்கே முக்கியமான ஓர் உண்மை உண்டு. எண்ணெய் முழுவதும் வடிந்துபோனாலும் வளையத்துக்கும் சக்கரத்துக்கும் உள்ள இரும்புத் தொடர்பு அறுவதில்லை. முறுக்குத்தண்டு ஓர் எல்லைக்கு மேல் முறுக்கிக்கொள்ளாதபடி தடைகள் இருக்கின்றன. அதன்பின் கையின் விசை நேராகப் பற்சக்கரத்துக்குச் செல்லும். ஸ்டீயரிங் கனக்கும், ஆனால் திரும்பும். இக்கருவி கைக்குத் துணையே தவிர, கைக்கு மாற்று அன்று.

ஆறு கேள்விகள்

இனி கோளாறை ஆராய்வோம். செலவில்லாத சோதனையிலிருந்து செலவுள்ள சோதனைக்குச் செல்ல வேண்டும். ஒரு சமயத்தில் ஒன்றை மட்டுமே மாற்ற வேண்டும். இரண்டை ஒருசேர மாற்றினால் எதனால் சரியாயிற்று என்பது தெரியாமல் போகும். ஆய்வுக்கூடத்தில் நாம் பின்பற்றும் அதே நெறிதான் இது.

1. டயரில் காற்றுச் சரியாக இருக்கிறதா? காரணத்தை மேலே கணக்கில் கண்டோம். ஒரு டயரில் மட்டும் காற்றுக் குறைந்தால் வண்டி அந்தப் பக்கமாக இழுக்கும்.

2. எண்ணெய் எவ்வளவு உள்ளது, எப்படி உள்ளது? டப்பாவிலுள்ள குறிகளுக்கிடையே மட்டம் இருக்க வேண்டும். குறைந்திருந்தால் எங்கோ கசிகிறது என்று பொருள். அமைப்பு மூடப்பட்டது, எண்ணெய் தானாகச் செலவாகாது. கருத்து, தீய்ந்த வாடை வீசினால் எண்ணெய் பழுதாகிவிட்டது. நுரை இருந்தால் காற்றுக் கலந்திருக்கிறது.

3. பெல்ட் இறுக்கமாக உள்ளதா? எஞ்ஜினை நிறுத்தியபின் பெல்ட்டின் நீண்ட பகுதியின் நடுவே கட்டைவிரலால் அழுத்தினால், பழைய வகை ‘வி’ பெல்ட் ஏறத்தாழ 1 சென்டிமீட்டர் மட்டுமே தாழ வேண்டும். பெல்ட் தளர்ந்தாலும், அதன் பக்கங்கள் கண்ணாடி போல் பளபளத்தாலும் வழுக்கும். அப்போது திருப்பும் வேளையில் ‘கிரீச்’ என்ற ஒலி எழும். மழைநீர் தெறிக்கும் நாள்களில் இது மிகும்.

4. எப்போது கனக்கிறது? எஞ்ஜின் மெதுவாக ஓடும்போது கனத்து, வேகம் கூடியதும் இலேசானால், பம்போ பெல்ட்டோ வலுவிழந்திருக்கலாம். ஒரு பக்கம் திருப்பும்போது மட்டும் கனத்தால் பம்பின் மீது பழி சுமத்தாதீர்கள். இரு பக்கங்களுக்கும் எண்ணெய் தருவது அதே பம்புதானே? வால்வையோ பிஸ்டனின் சீல்களையோதான் ஐயுற வேண்டும். வளையத்தைக் கடைசி எல்லை வரை திருப்பும்போது கேட்கும் மெல்லிய ‘உஸ்’ ஒலி கோளாறு அன்று. மிகுதி அழுத்தத்தை வெளியேற்றும் பாதுகாப்பு வால்வு திறக்கும் ஒலி அது. ஆனால் அந்நிலையில் சில வினாடிகளுக்கு மேல் பிடித்துக்கொண்டிருந்தால் எண்ணெய் கடுமையாகச் சூடேறும்.

5. முன் சக்கரங்களைத் தரையிலிருந்து தூக்கினால் என்ன ஆகிறது? ஜாக்கியால் தூக்கி, உறுதியான தாங்கிகளின் மேல் நிறுத்தி, எஞ்ஜின் ஓடாத நிலையில் வளையத்தைத் திருப்ப வேண்டும். இப்போது தரையின் உராய்வு இல்லை. அப்போதும் மிகவும் கனத்தால் கோளாறு பால் ஜாயிண்டிலோ, ஸ்டீயரிங் தண்டின் இணைப்பிலோ, பற்சக்கரத்திலோ இருக்கிறது.

6. பம்பு உரிய அழுத்தத்தைத் தருகிறதா? மேலுள்ள ஐந்திலும் குறை காணாவிட்டால், பம்புக்கும் ஸ்டீயரிங் பாக்ஸுக்கும் இடையே அழுத்தமானியைப் பொருத்தி அளக்கிறார்கள். குறித்த அழுத்தம் வந்தால் பம்பு நல்லது, குறை பாக்ஸில்; வராவிட்டால் குறை பம்பின் பக்கம். ஒரே சோதனை ஐயத்தை இரண்டாகப் பிரித்துவிடுகிறது. விலையுயர்ந்த பாகத்தை வாங்குவதற்கு முன் இச்சோதனையைச் செய்வதே முறை.

எங்கள் வண்டியில் கண்டது

மாணவரின் வண்டியில் டயர்களின் காற்றுச் சரியாக இருந்தது. பெல்ட்டும் சரியாக இருந்தது. எண்ணெய் டப்பாவின் மூடியைத் திறந்தபோது, சோப்பு நீர் போல் வெண்ணிற நுரை தெரிந்தது. எஞ்ஜின் ஓடும்போது மட்டத்தைப் பார்த்துக்கொண்டு, பிறகு நிறுத்தச் சொன்னேன். நிறுத்திய சில நொடிகளில் எண்ணெய் மட்டம் மெல்ல உயர்ந்தது!

யாரும் எண்ணெய் ஊற்றாமல் மட்டம் எப்படி உயரும்? பாயில் விதியை நினையுங்கள். மாறாத வெப்பநிலையில் வளிமத்தின் அழுத்தமும் பருமனும் எதிர்விகிதத்தில் மாறும். எஞ்ஜின் ஓடும்போது குழாய்களுக்குள் அழுத்தம் ஐந்து மடங்கானால், எண்ணெயில் சிக்கிய காற்றுக் குமிழியின் பருமன் ஐந்தில் ஒரு பங்காகச் சுருங்கும். எஞ்ஜின் நின்றதும் குமிழிகள் விரிந்து எண்ணெயை டப்பாவுக்குத் தள்ளுகின்றன. ஆகவே அமைப்புக்குள் காற்று நுழைந்திருக்கிறது என்பது உறுதியாயிற்று. நுரைத்த எண்ணெயைக் கடைவதால்தான் பம்பு ஓலமிட்டது. பாஸ்கல் விதிப்படி அழுத்தத்தைக் கடத்த வேண்டிய எண்ணெயில், சுருங்கிக் கொடுக்கும் காற்றுக் கலந்ததால் உதவியும் விட்டுவிட்டு வந்தது.

“எங்கேயும் சொட்டவே இல்லையே, சார். ஓட்டை இருந்தா எண்ணெய் வெளியே வந்திருக்கணுமே?” என்றார் மாணவர்.

நல்ல கேள்வி. இளநீரை உறிஞ்சும் குழலில் ஊசியால் ஒரு துளை போட்டுவிட்டு உறிஞ்சிப் பாருங்கள். துளை வழியே இளநீர் வெளியே வராது; வெளிக்காற்றுதான் உள்ளே வரும். ஏனெனில் உறிஞ்சும்போது குழலுக்குள் அழுத்தம் காற்று மண்டல அழுத்தத்தைவிடக் குறைவு. டப்பாவிலிருந்து பம்புக்குச் செல்லும் சிறிய ஹோஸும் இவ்வாறு உறிஞ்சப்படும் குழாய்தான். அதில் விரிசல் இருந்தால், எஞ்ஜின் ஓடும்போது எண்ணெய் வெளியே சொட்டாது; காற்று உள்ளே நுழையும்.

மெக்கானிக் சிரித்துக்கொண்டே, “சாரு சொல்றது சரி. இப்ப பாருங்க” என்று, சுழலும் பெல்ட்டுக்குக் கை எட்டாதபடி விலகி நின்று, அந்த ஹோஸின் இணைப்பைச் சுற்றி ஒரு தூரிகையால் எண்ணெயைத் தடவினார். ஓலம் சட்டென்று தணிந்தது! துளை எண்ணெயால் அடைபட்டதும் காற்று வருவது நின்றுவிட்டது. சற்று நேரத்தில் தடவிய எண்ணெய் உள்ளே உறிஞ்சப்பட்டதும் ஓலம் மீண்டும் எழுந்தது. எஞ்ஜினை நிறுத்திவிட்டுக் கிளிப்பைக் கழற்றிப் பார்த்தோம். ஹோஸின் முனை இறுகி, மயிரிழை போன்ற ஒரு வெடிப்பு இருந்தது. பம்பை மாற்றியவர்கள் அந்தப் பழைய ஹோஸையே திரும்ப மாட்டியிருந்தார்கள். மாற்றும்போது காற்றை வெளியேற்றியதால் ஒரு வாரம் நன்றாக இருந்தது. பிறகு வெடிப்பின் வழியே காற்று மீண்டும் சேர்ந்துவிட்டது. பழைய பம்பும் பெரும்பாலும் நல்ல நிலையிலேயே இருந்திருக்கும்.

பழுது நீக்கிய முறை

ஒரு முழம்கூட இல்லாத புதிய ஹோஸும் இரண்டு கிளிப்புகளுமே தேவைப்பட்டன. எரிபொருளுக்கான ஹோஸோ தண்ணீர் ஹோஸோ உதவாது. சூடான எண்ணெயைத் தாங்கும் வகையே வேண்டும். பழைய எண்ணெயை வடித்துவிட்டு, வண்டியின் கையேடு குறிப்பிடும் எண்ணெயை ஊற்றினோம்.

அடுத்தது காற்று எடுத்தல். முன் சக்கரங்களைத் தூக்கித் தாங்கிகளின் மேல் நிறுத்தி, எஞ்ஜினை ஓட்டாமல், வளையத்தை ஒரு கடைசியிலிருந்து மறு கடைசி வரை மெதுவாக இருபது முறை திருப்பினார் மெக்கானிக். மட்டம் குறையக் குறைய எண்ணெய் சேர்த்தோம். குமிழிகள் வருவது நின்றபின் எஞ்ஜினை மெதுவாக ஓட விட்டு, எல்லையில் பிடித்து நிறுத்தாமல் மீண்டும் சில முறை திருப்பினார். பிறகு எஞ்ஜினை நிறுத்தினோம். இம்முறை எண்ணெய் மட்டம் அசையவில்லை. நுரையும் இல்லை. ஓலமும் இல்லை.

ஓர் எச்சரிக்கை: இவ்வேலைகளைப் பெரியவர்கள் செய்ய, அருகிருந்து பார்ப்பதே உங்களுக்குப் பாதுகாப்பு. பம்பிலிருந்து பாக்ஸுக்குச் செல்லும் அழுத்தக் குழாயில் கசிவைக் கையால் தடவித் தேடவே கூடாது. ஊசித்துளை வழியே பீறிடும் எண்ணெய் தோலைத் துளைத்து உள்ளே செல்லும். ஓர் அட்டையைக் காட்டிப் பார்க்க வேண்டும்.

எண்ணெய் இல்லாத பவர் ஸ்டீயரிங்

இன்று வரும் சிறிய கார்களில் பெரும்பாலும் எண்ணெயும் பெல்ட்டும் இல்லை. 1988இல் ஜப்பானில் சுசூகி செர்வோ என்ற சிறு காரில் முதன்முதலாக மின்சாரப் பவர் ஸ்டீயரிங் வந்தது. இதிலும் முறுக்குத்தண்டு உண்டு. அதன் முறுக்கத்தை ஓர் உணர்கருவி அளந்து கணிப்பொறிக்குச் சொல்ல, அது ஒரு மின்மோட்டாரைக் கொண்டு உதவி செய்கிறது. இங்கே கேட்க வேண்டிய கேள்விகள் வேறு: பேட்டரியின் மின்னழுத்தம் போதுமா? ஃபியூஸ் எரிந்துள்ளதா? இணைப்பில் துரு ஏறியுள்ளதா? எச்சரிக்கை விளக்கு எரிகிறதா? நின்ற இடத்திலேயே வளையத்தைப் பலமுறை இருபுறமும் திருப்பினால் மோட்டார் சூடாகும்; அது தன்னைக் காத்துக்கொள்ள உதவியைக் குறைக்கும்; ஆறியதும் சரியாகிவிடும். கருவி மாறினாலும் ஆராயும் நெறி மாறவில்லை. முதல் கேள்வி இன்றும் டயரின் காற்றுதான்.

இறக்கத்தில் ஒரு பாடம்

வண்டி சரியானதும் மாணவர் மகிழ்ச்சியோடு புறப்பட்டார். புறப்படும்போது அவர் சொன்ன ஒரு செய்தி என்னைத் திடுக்கிடச் செய்தது. “இறக்கத்துல எஞ்ஜினை ஆஃப் பண்ணிட்டு உருட்டிக்கிட்டு வந்தா டீசல் மிச்சம், சார். அப்படி வர்றப்போ ஸ்டீயரிங் கனக்கத்தான் செய்யும். அதனால இந்தக் கோளாறையும் முதல்ல பெரிசா நினைக்கல.”

அவரை இறங்கச் சொல்லி மீண்டும் திண்ணையில் உட்கார வைத்தேன். மலையிறக்கத்தில் எஞ்ஜினை அணைத்தால் நான்கு இழப்புகள் நேருகின்றன. பம்பு நிற்பதால் ஸ்டீயரிங்கின் உதவி போகிறது. அதுவும் வண்டி மெதுவாகவும் வளைவு கூர்மையாகவும் இருக்கும் கொண்டை ஊசியில்தான் அவ்வுதவி மிகவும் தேவை. பிரேக்குக்குத் துணை செய்யும் வெற்றிட அமைப்பு, சேமித்து வைத்ததைக் கொண்டு சில மிதிகளுக்கு உதவிவிட்டு ஓய்ந்துவிடும். பிறகு பிரேக்கும் கல்லாகும். கியரில் இறங்கும்போது வண்டியைத் தடுத்துப் பிடிக்கும் எஞ்ஜினின் தடையும் இல்லை. சாவியைத் தவறிச் சற்று அதிகமாகத் திருப்பி வெளியே எடுத்துவிட்டால், திருடரைத் தடுக்க வைத்த பூட்டு விழுந்து ஸ்டீயரிங்கே அசையாமல் நின்றுவிடலாம்.

இத்தனைக்கும் ஈடாகக் கிடைக்கும் டீசல் எவ்வளவு? இன்றைய எஞ்ஜின்களில், கியரில் இருந்தபடி ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்து இறங்கினால் எரிபொருள் பாய்வது ஏறத்தாழ நின்றே விடுகிறது. சக்கரங்களே எஞ்ஜினைச் சுழற்றுகின்றன, பம்பும் சுழல்கிறது. சிக்கனமும் கிடைக்கிறது, துணையும் கிடைக்கிறது.

ஓடும்போது உதவி தானாக நின்றுபோனால் என்ன செய்வது? ‘ஸ்டீயரிங் போய்விட்டது’ என்று பதறக் கூடாது. போனது உதவி, பிடி அன்று. இரு கைகளாலும் வளையத்தை உறுதியாகப் பற்றி, வேகத்தைக் குறைத்து, ஓரமான பாதுகாப்பான இடத்தில் நிறுத்த வேண்டும். வண்டி முற்றிலும் நின்றபின்பே சாவியைத் தொட வேண்டும். மருத்துவமனைக்குச் செல்லும் நோயாளி பின்னால் அமர்ந்திருக்கும்போது இவ்வறிவு, ஒரு புதுப் பம்பைவிடப் பெறுமதி உடையது.

அம்மாணவர் இப்போது கியரிலேயே இறங்குகிறார். ஸ்டீயரிங் பாக்ஸுக்காக வாங்கவிருந்த கடனையும் வாங்கவில்லை.

செய்து பாருங்கள்

1. ஊசியில்லாத, புதிய இரண்டு சிரிஞ்சுகளை வாங்குங்கள். ஒன்று பெரியது, ஒன்று சிறியது. இரண்டையும் மெல்லிய பிளாஸ்டிக் குழாயால் இணைத்துக் குமிழி இல்லாமல் தண்ணீர் நிரப்புங்கள். சிறியதை அழுத்தினால் பெரியது உடனே நகரும். பெரியதை ஒரு நண்பர் கட்டைவிரலால் தடுக்கட்டும். யார் வெல்கிறார் என்று பாருங்கள்.

2. இப்போது குழாயில் பாதிக்குக் காற்றை விட்டு அதே சோதனையைத் திரும்பச் செய்யுங்கள். சிறியதை அழுத்தியும் பெரியது தயங்கித் தயங்கி நகர்வதைக் காண்பீர்கள். மாணவரின் வண்டிக்கு நேர்ந்தது இதுவே.

3. நிற்கும் மிதிவண்டியில் ஒருவர் ஏறி அமர, மற்றவர் பிடித்துக்கொள்ள, கைப்பிடியைத் திருப்பிப் பாருங்கள். முன் சக்கரத்தில் காற்றைக் குறைத்துவிட்டு மீண்டும் திருப்புங்கள். வேறுபாட்டைக் குறித்துக்கொள்ளுங்கள்.

சிந்திக்கச் சில வினாக்கள்

1. நின்ற வண்டியைவிட, மெதுவாக நகரும் வண்டியின் ஸ்டீயரிங் இலேசாகத் திரும்புவது ஏன்?

2. பம்பு நிமிடத்துக்கு 6 லிட்டர் எண்ணெயை 50 லட்சம் பாஸ்கல் அழுத்தத்தில் அனுப்பினால் அதன் திறன் எத்தனை வாட்? (விடை: 500 வாட்.) இத்திறன் எங்கிருந்து வருகிறது?

3. வலப்பக்கம் திருப்பும்போது மட்டும் ஸ்டீயரிங் கனக்கும் வண்டிக்குப் புதிய பம்பு மாற்றச் சொல்கிறார் ஒருவர். அவரிடம் நீங்கள் கேட்கும் முதல் கேள்வி யாது?